கோட்டைவாசல் லயம்

இடத்தின் பெயர் கேட்டு வருகிறவர்களை நான் நம்புவதில்லை. வழி கேட்கட்டும், சொல்வேன். குடிக்கத் தண்ணீர் கேட்கட்டும், கொடுப்பேன். ஆனால் கையில் குறிப்புக் கொப்பியோடு ஒருவர் வந்து "இந்த இடத்துக்கு என்ன பேர்?" என்று கேட்டால், அடுத்த மாதம் அங்கே ஒரு வேலி முளைக்கும். கண்டி கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் பக்கத்தில் ருக்கியாவின் போட்டோகொப்பிக் கடை வாசலில் மேசை போட்டு, இருபத்திரண்டு வருஷமாக ஊராருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவள் நான். எந்தக் கேள்விக்குப் பின்னால் எந்த அலுவலகம் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் சுந்தரி. அம்பிட்டிய பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்திலிருந்து இருபது நிமிஷம் மூச்சு வாங்க ஏறினால் எங்கள் மேடு. மொத்தம் ஒன்பது வீடு. ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டமாக இருந்த இடம். தோட்டம் காடாகிப்போய், தொழிலாளர் குடியிருந்த லயங்களும் இடிந்து விழுந்த பிறகு, எங்கள் அப்பாமார் போக்கிடம் இல்லாமல் அங்கேயே தனித்தனி வீடு கட்டிக்கொண்டார்கள். வீடு எங்களுடையது, நிலம் அரசாங்கத்துடையது. என் அப்பா எழுபத்தொரு வயதில் செத்தார். தன் பெயரில் ஒரு பாய் விரிக்கிற அளவு நிலத்துக்குக்கூட ஒரு கடதாசி பார்க்காமல் செத்தார். இந்த வருஷம்தான் முதன்முதலாக, காணி உறுதிப் பத்திரம் தருகிறோம், மனுப் போடுங்கள் என்றார்கள். ஒன்பது வீட்டு மனுவையும் நான்தான் எழுதினேன். அந்த உறுதி என் கைக்கு வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனையே இருக்கவில்லை.

காணி அதிகாரி பார்வையிட வருவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை, ஒரு பெண் மேடேறி வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் குடை, காலில் கென்வஸ் சப்பாத்து, கழுத்தில் தொங்குகிற கமரா. பெயர் பிரியாந்தினி, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம் என்றாள். கேட்காமலே இவ்வளவும் சொன்னதுதான் முதலில் எனக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, இந்த மலைக்கு இங்க இருக்கிற ஆக்கள் என்ன பேர் சொல்லுறவை?"

"எதுக்குங்க மிஸ்?"

"பழைய கோட்டைகள் இருந்த மலையளின்ர பேர் சேர்க்கிறன். கண்டி ராசாவின்ர காலத்தில காவலுக்கு ஆள் நிண்ட மலையள். கீழ ஊரில சிங்கள ஆக்கள் இதை முரகந்த எண்டு சொல்லுகினம். முர எண்டால் காவல். தமிழில நீங்கள் என்ன சொல்லுறனீங்கள்?"

"மலைன்னுதான் சொல்லுவோம். பேர் வைக்கிறதுக்கு அதென்ன தொட்டில்லயா கெடந்துச்சு?"

அவள் சிரித்தாள். சிரிக்கிறவர்களையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. சிரித்துக்கொண்டே அவள் கண் என் வீட்டுப் படிக்குப் போனது. மூன்று முழ நீளக் கருங்கல். அதன் ஓரத்தில் உளி பட்ட தடம் வரிவரியாக இருக்கும்.

"இந்தக் கல் எங்க எடுத்தது, அக்கா?"

"லொறியில வந்துச்சு. மாத்தளப் பக்கத்துக் கல்லு."

வாய் கூசாமல் சொன்னேன். அவள் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு அந்தக் கல்லை இரண்டு படம் எடுத்தாள்.

உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் மேட்டுக்குப் பெயர் கோட்டைமேடு. உச்சியைச் சுற்றி ஒரு கல் மதில் ஓடுகிறது. அப்பா சின்னவராக இருந்தபோது மார்பு உயரம், இப்போது முழங்கால் உயரம். மீதிக் கல்லெல்லாம் எங்கே போனது? முதலில் துரைமார் தொழிற்சாலை கட்ட எடுத்தார்கள். பிறகு எங்கள் அப்பாமார் அத்திவாரம் போட எடுத்தார்கள். வீட்டுக்கு நாலு கல்லாவது இருக்கும். அதிலும் என் வீட்டுக் கதை மோசம். மதிலுக்கு வாசல் இருந்த இடத்தில் இரண்டு பெரிய கல் தூண்கள் அசையாமல் நின்றன. அப்பா வேலை மிச்சம் என்று அந்த இரண்டையும் கதவு நிலையாக வைத்து அடுப்படியைக் கட்டிவிட்டார். நான் தினமும் சோறு வடிப்பது அந்தக் காலத்துக் கோட்டை வாசலில்தான்.

வேறொரு மாவட்டத்தில் இப்படித்தான் பழைய இடிபாடு இருக்கிறது என்று ஒருவர் படம் எடுத்துக்கொண்டு போனார், ஆறு மாதத்தில் எல்லைக்கல் நட்டுவிட்டார்கள், இப்போது அங்கே இருக்கிற சனம் கக்கூஸ் குழிகூடத் தோண்ட முடியாது என்று பேப்பரில் வாசித்திருந்தேன். அந்தச் செய்தியை வெட்டி மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். ஆகவே அவள் குடை கீழே வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயில் முற்றத்தில் ஒன்பது வீட்டு ஆட்களையும் கூட்டினேன்.

"கோட்டைங்கிற பேர் எவன் காதுலயாவது விழுந்துச்சுன்னா நம்ம கத முடிஞ்சுது" என்றேன். "பேர் இருந்தாத்தானே கோட்டையத் தேடுவானுக? பேரே இல்லன்னு சொல்லிருவோம்."

மாநகர சபையில் லொறி ஓட்டுகிற ரவிகுமாருக்கு இது உடனே பிடித்துவிட்டது. "அப்ப புதுசா ஒரு பேரு வைப்போம் அக்கா. லக்ஷ்மி நகர்னு வைங்க. கேக்கவே நாலு காசு வர்ற மாதிரி இருக்கு." எங்கள் ஒன்பது வீட்டில் லக்ஷ்மி என்று ஒரு பூனைகூடக் கிடையாது. இருந்தாலும் எல்லோரும் சரி என்றார்கள்.

சேதுராமன் மாமா மட்டும் முறைத்தார். எழுபத்தெட்டு வயது, தனி ஆள், என் வீட்டுக்கு எதிர் வீடு. "இதென்னடி சுந்தரி கூத்து? திருடுன சாமானா ஒளிச்சு வைக்க? பொறந்ததுலேர்ந்து சொல்லிக்கிட்டு வந்த பேரு."

"மாமா, ஒங்களுக்கு உறுதி வேணுமா, பேர் வேணுமா?"

அவருடைய கிளினிக் கொப்பியிலிருந்து வங்கிக் கடிதம்வரை எல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வது. நான் காட்டின இடத்தில் கையெழுத்து வைத்துத்தான் அவருக்குப் பழக்கம்.

அன்று மத்தியானமே சத்தியக் கடதாசியை எழுதி முடித்தேன். சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. "கீழே ஒப்பமிட்ட நாங்கள் வசிக்கும் இவ்விடம் ஆதி முதல் லக்ஷ்மி நகர் என்றே அழைக்கப்பட்டு வருகிறது. இதற்கு வேறெந்தப் பெயரும் என்றுமே இருந்ததில்லை. பழைய இடிபாடுகள் எதுவும் இங்கு இருப்பதாக நாங்கள் அறியோம்." எழுதிவிட்டு நானே இரண்டு தரம் வாசித்து ரசித்தேன். ஒன்பது கையெழுத்தும் வாங்கி, சமாதான நீதவானிடம் முத்திரை குத்தி, திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் ஒன்பது கோப்பிலும் சேர்க்கக் கொடுத்தேன். ரவிகுமார் பாதை முகப்பில் கிடந்த பழைய தகரப் பலகையில் கறுப்புப் பெயின்டால் லக்ஷ்மி நகர் என்று எழுதினான். வீட்டுக்கு வீடு சீமெந்து குழைத்து, படியிலும் அத்திவாரத்திலும் தெரிந்த கல்லையெல்லாம் பூசினோம். என் அடுப்படித் தூண் இரண்டையும் என் வீட்டுக்காரர் மோகனராஜ் பூசி, மஞ்சள் வர்ணமும் அடித்தார்.

"ஒனக்கு ஒன் நெழலு மேலயே சந்தேகம்" என்றார், மட்டப்பலகையைக் கழுவிக்கொண்டே.

"அதனாலதான் இந்த வீடு இன்னும் நிக்குது" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். புதன்கிழமை வேலை முடிந்து வரும்போது பார்த்தால், பஸ் நிற்கிற இடத்தில் அந்தப் பிரியாந்தினியும் சேதுராமன் மாமாவும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் கையில் கொப்பி. என்னைக் கண்டதும் மாமா எழுந்து வேறு பக்கம் பார்த்தார்.

"என்ன மாமா சொன்னீங்க?"

"ஒண்ணுஞ் சொல்லல. ஒன்னயப் பத்திக் கேட்டுச்சு. படிவம் எழுதுற பிள்ளைன்னு சொன்னேன்."

மறுநாள் கடையில் உட்கார்ந்து பல்கலைக்கழகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். உங்கள் விரிவுரையாளர் ஒருவர் ஏழைக் குடியிருப்புகளுக்குப் போய் இல்லாத பெயர்களைப் புகுத்தி, சனங்களுக்குள் கலகம் மூட்டுகிறார், இதை உடனே நிறுத்த வேண்டும் என்று. ருக்கியா கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து முழுவதையும் வாசித்துவிட்டாள். அக்குறணைக்காரி. கணக்காகப் பேசுவாள்.

"இத போட வாணாம் சுந்தரியக்கா. அந்தப் பொம்புளட பொழப்பில மண்ண அள்ளிப் போடுற வேல இது."

"என் பொழப்புல அவ போட வந்தா?"

"வந்தாவா? பேர்தானே கேட்டீக்கிறா."

நான் கேட்கவில்லை. தபால் கந்தோருக்கு நடந்துபோய் நானே பெட்டியில் போட்டேன். அதற்குப் பிறகு அவளை எங்கள் பக்கம் காணவில்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

காணி அதிகாரி சொன்ன நாளில் சரியாக வந்தார். சிங்களவர், மரியாதையான மனிதர். கோயில் முற்றத்தில் கதிரை போட்டுக் கொடுத்தோம். பிளேன்டீ குடித்தார். கோப்புகளைப் புரட்டி, "இவ்வளவு சுத்தமாக எழுதின மனுவை நான் கண்டதில்லை" என்று சிங்களத்தில் சொன்னார். இந்த மாதிரிப் புகழ்கிறவர் பின்னால் ஒன்று வைத்திருப்பார் என்று நினைத்தேன். வைத்திருந்தார்.

இங்கே எத்தனை காலமாக இருக்கிறீர்கள் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார். தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போவதற்கு முன்பே குடும்பம் இங்கே இருந்திருக்க வேண்டும். வாக்காளர் இடாப்பு எங்களுக்கு உதவாது. பிரஜாவுரிமை எங்களுக்குப் பிந்தித்தான் கிடைத்தது, அதற்குப் பிறகுதான் அதில் எங்கள் பெயரே ஏறியது. தோட்டத்துப் பதிவேடு எதுவும் மிச்சமில்லை. மூன்று துரைமார் மாறி, மூவரும் மூன்று இங்கிலீஷ் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். மிச்சமிருப்பது பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். மனுப் போட்ட அன்றே நான் அதையும் ஒவ்வொரு கோப்பிலும் ஒழுங்காக இணைத்திருந்தேன்; சத்தியக் கடதாசி எழுதும்போது அது என் நினைவுக்கே வரவில்லை.

அவர் அவற்றை ஒவ்வொன்றாக மேசையில் விரித்தார். பிறந்த இடம்: கோட்டைமேடு. கோட்டைமேடு. கோட்டைமேடு. அந்தக் காலத்தில் பிறப்புப் பதிந்த கிளாக்கர் எங்கள் சனம் வாயால் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார். சேதுராமன் மாமாவுடையதிலும் இன்னும் மூன்று பேருடையதிலும் இன்னும் விவரமாக, கோட்டைமேடு, கோட்டைவாசல் லயம் என்று இருந்தது. எல்லாவற்றையும் விரித்த பிறகு, அவற்றுக்குப் பக்கத்தில் எங்கள் சத்தியக் கடதாசியை வைத்தார்.

"இந்த இடத்துக்கு லக்ஷ்மி நகரைத் தவிர வேறு பெயர் என்றுமே இருந்ததில்லை என்று நீங்களே சத்தியம் செய்திருக்கிறீர்கள். அப்படியென்றால் இவர்கள் எல்லோரும் பிறந்த கோட்டைமேடு வேறு எங்கோ இருக்கிறது. கீழே ஊரில் விசாரித்தேன். அவர்களுக்குத் தெரிந்த பெயர் முரகந்த. லக்ஷ்மி நகர் என்று ஓர் இடம் போன மாதத்துக்கு முன்னால் எந்தப் பதிவிலும் கிடையாது."

"என்ன சொன்னார், என்ன சொன்னார்?" என்று ரவிகுமார் என்னை இடித்தான். நான் தமிழில் சொன்னேன். சேதுராமன் மாமா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப நான் எங்கதான்டி பொறந்தேன்?"

அதிகாரியைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்.

சத்தியக் கடதாசி தப்பு, இன்னொன்று தருகிறோம் என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. முதலாவதில் பொய் சொன்னவர்களின் இரண்டாவதை நான் எப்படி ஏற்பது என்றார். இது கோட்டைமேடுதான், கோட்டைவாசல் லயம் இங்கேதான் இருந்தது என்று, இங்கே குடியில்லாத, விஷயம் தெரிந்த ஒருவர் எழுத்தில் தர வேண்டும். பன்னிரண்டு நாள் தவணை. அதற்குப் பிறகு பட்டியல் மூடப்படும். பட்டியலில் இல்லாத வீடுகள் அத்துமீறிக் கட்டியவை என்று பதியப்படும்.

அவர் போகும்போது பாதைவரை கூடவே போய், வேறு யாருக்காகவோ கேட்பதுபோல மெல்லக் கேட்டேன். "சேர், ஒரு இடத்தில் பழைய மதில் கிதில் இருந்தால் அங்கே உறுதி கொடுக்கவே மாட்டீர்களா?"

"ஏன் கொடுக்காமல்? இடிபாடு நிற்கிற துண்டை மட்டும் அளந்து வெட்டிவிடுவோம். மற்றதெல்லாம் கொடுப்போம். பழைய கல்லைக் கழற்றி வீடு கட்டினதெல்லாம் இந்தப் பக்கம் எங்கும் உள்ளதுதானே. அந்தத் துண்டின் மேலேயே குடியிருக்கிறவருக்குத்தான் உறுதி கிடையாது. வருஷத்துக்கு ஒரு பெர்மிட் எடுத்து இருக்கலாம், எழும்பச் சொன்னால் எழும்ப வேண்டும்."

நான் அப்படியே நின்றேன். எட்டு வீட்டுக்குப் பயப்பட ஒன்றுமே இருக்கவில்லை. பயம் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும்தான், அது என்னுடையது. எட்டு வீட்டை நான் அந்த ஒரு வீட்டுக்காகப் பொய் சொல்ல வைத்திருக்கிறேன். எனக்கு இது முன்பே உள்ளுக்குள் தெரிந்திருந்ததா? தெரியாது என்றுதான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஊரில் எல்லோரையும் சந்தேகப்படுகிறவள், என் பேச்சை மட்டும் நம்புவது எப்படி?

சாயங்காலம் பைப்படியில் ரவிகுமார் குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பாதையில் அதிகாரி என்னிடம் சொன்னதைக் கேட்ட யாரோ அவனுக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

"சுந்தரி அக்கா, கேக்குறேன்னு கோவிக்காதீங்க. இது ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

"என்னடா கேக்குற?"

"இல்ல, ஒங்க அடுப்படிதானே வாசல்ல இருக்கு. அதான்."

நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அடுத்த நாளிலிருந்து நான் பைப்படிக்குப் போனால் பேச்சு நின்றது. என்னைப் பார்த்து ஊர் பேச்சை நிறுத்துவது எனக்குப் புதிது. அதுவரைக்கும் நான்தான் மற்றவர்களைப் பார்த்து நிறுத்துகிறவள். சேதுராமன் மாமா கதவையே திறக்கவில்லை. சாப்பாடு கொண்டுபோய் வைத்தேன், இரவுவரை அது படியிலேயே இருந்தது.

குடியில்லாத, விஷயம் தெரிந்த ஆள் என்றால் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். ஆறு நாள் அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். ஏழாம் நாள் காலை சேலை மாற்றிக்கொண்டு நின்றபோது மோகனராஜ் அடுப்படித் தூணைத் தட்டிப் பார்த்தார்.

"பூச்சு நல்லா காஞ்சிருச்சு. மஞ்சளும் புடிச்சிருச்சு. உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியாது" என்றார்.

"இப்ப எதுக்கு அதச் சொல்றீங்க?"

"சும்மா சொன்னேன். ஒங்கப்பா வீடு. நீ என்ன சொல்லிட்டு வந்தாலும் எனக்குச் சரி."

பேராதனைக்குப் பஸ்ஸில் போகும்போது முழுக்கப் பொய் யோசித்துக்கொண்டே போனேன். இறங்கும்போது ஒன்றும் சரிவரவில்லை.

பிரியாந்தினியின் அறை சின்னது. சுவர் முழுக்கக் கண்டியைச் சுற்றியுள்ள மலைகளின் வரைபடம். ஒவ்வொரு உச்சியிலும் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் சிங்களத்திலும் தமிழிலும் பெயர்கள். எங்கள் மலையை நானே கண்டுபிடித்தேன். முரகந்த என்று சிங்களத்தில் இருந்தது. தமிழுக்கு விட்ட இடம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்தவுடன் ஏனோ எனக்கு அவமானமாக இருந்தது.

"இருங்கோ அக்கா" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

நான் உட்காரவில்லை. "பல்கலைக்கழகத்துக்கு ஒரு மொட்டக் கடுதாசி வந்துருக்கும். அது நான் எழுதுனது."

"தெரியும்."

"யார் சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாம, திகதி போட்டு, பொருள் எண்டு தலைப்புப் போட்டு மொட்டைக் கடிதம் எழுதுற ஆள் ஆர் எண்டு யோசிச்சன். படிவம் எழுதுற பிள்ளை எண்டு அந்த ஐயா சொன்னவர்தானே."

"கோவமா?"

"கோவம்தான் அக்கா. ரெண்டு கிழமைக்கு மேல நான் வெளிய போகேலாமல் இருக்கிறன். விசாரணை முடியும் வரைக்கும் மலைப்பக்கம் போகக் கூடாதாம். உங்கட சனத்தைக் குழப்பிறன் எண்டு எழுதியிருக்கிறியள். நான் என்ன செய்தனான்? பேர்தானே கேட்டனான்."

திட்டினால் பதிலுக்குத் திட்ட எனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பையிலிருந்து தாள் எடுத்தேன். அங்கேயே நின்றுகொண்டு, முன்பு வந்த கடிதத்தில் உள்ளதெல்லாம் பொய், எழுதியவள் நான் என்று அவளுடைய மேலதிகாரியான பீடாதிபதிக்கு எழுதினேன். கீழே பெயர் போட்டேன். முகவரி எழுத வந்தபோது பேனா நின்றது. பிறகு கோட்டைமேடு, அம்பிட்டிய என்று எழுதி அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் அதை வாசித்தாள். முகவரியில் வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன், உறுதி, சத்தியக் கடதாசி, அதிகாரி, பன்னிரண்டு நாள், எல்லாம். வாசல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

"நான் கடிதம் தாறன்" என்றாள். "ஆனா கேள்விப்பட்டன் எண்டு எழுதேலாது. அங்க பிறந்து வளர்ந்த ஒராள் சொல்ல வேணும், நான் பதிய வேணும். மதில் எங்க ஓடுது, எந்த இடத்துக்கு என்ன பேர், எல்லாம். அந்தப் பதிவையும் சேர்த்துத்தான் கொடுப்பன். அவையள் வந்து அளந்து பாப்பினம்."

மேசையில் ஒரு சின்ன ரெக்கோடரை வைத்து அழுத்தினாள். சிவப்பு வெளிச்சம் ஒன்று எரிந்தது. இதற்கு முன் என் வாயால் வந்த எதையும் யாரும் பிடித்து வைத்ததில்லை.

சொன்னேன். உச்சியில் காவல்காரர்கள் உட்கார்ந்த பாறைக்குக் காவக்கல் என்று பெயர். அதற்குக் கீழே பாறையில் வெட்டின தண்ணீர்த் தொட்டி, மழைக்காலத்தில் நாங்கள் துணி துவைப்பது அதில்தான். கிழக்குப் பக்கச் சரிவு கல்லுருட்டி. மேலேயிருந்து எதிரிமேல் கல்லை உருட்டி விடுவார்களாம். அங்கே விறகுக்குப் போகிறபோது, மேலேயிருந்து யாராவது உருட்டுகிறார்களா என்று சின்னப் பிள்ளையில் நான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போவேன். சொல்லச் சொல்ல நிற்காமல் வந்தது. இவ்வளவு பெயர் எனக்குத் தெரியும் என்று எனக்கே தெரியாது. அவள் வேகமாக எழுதிக்கொண்டு வந்தாள்.

"நல்லது அக்கா. இனி ஒண்டுதான். நாலு பேரின்ர சான்றிதழில கோட்டைவாசல் லயம் எண்டு கிடக்கு. வாசல் இருந்த இடம் தெரிஞ்சாத்தான் அந்த லயம் எங்க இருந்தது எண்டு நான் எழுதலாம். தெரியாட்டி அந்த நாலு பேருக்கும் என்னால உறுதியாச் சொல்லேலாது. வாசல் எங்க இருந்தது?"

வடக்குப் பக்கம் ஆளில்லாத காடு. அங்கேயும் மதில் இடிந்து இடைவெளி விட்டிருக்கிறது. அங்கேதான் என்று சொன்னால் போதும். அளக்க வருகிறவர்களுக்குக் காட்ட நாலு கல்லும் கிடக்கிறது. என் தூண் மஞ்சள் பூசிக்கொண்டு சும்மா நிற்கும். ஒன்பது வீட்டுக்கும் உறுதி வரும். அப்பா படத்துக்குக் கீழே என் பெயரில் அந்தக் கடதாசியை வைப்பேன். ஒரே ஒரு சொல், அதுவும் நான் நன்றாகச் சொல்லக்கூடிய பொய்.

ஆனால் லயம் இருந்தது என் வீட்டுக்கு முன்னால். வாசலை வடக்கே கொண்டுபோனால் லயமும் கூடப் போகும். சேதுராமன் மாமாவைக் கொண்டுபோய், ஒரு மனிதரும் பிறக்காத காட்டில் மறுபடியும் பிறக்க வைக்க வேண்டும். அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டதற்கு அதுதான் என் பதிலாக இருக்கும்.

எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழுவதை நினைக்க எரிச்சலும் வந்தது.

"வாசல் என் அடுப்படியில இருக்குங்க மிஸ்" என்றேன்.

அவள் எழுதுவதை நிறுத்தினாள். கை ரெக்கோடர் பக்கம் போனது. "அக்கா, இது பதிவில இருந்தா உங்கட வீட்டுக்கு உறுதி வராது. விளங்குதா?"

"எனக்கு விளங்காமலா? படிவம் எழுதுறவ நான்." முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். "அத நிப்பாட்டாதீங்க. ரெண்டு கல் தூண் இருக்கு, ஆள் ஒசரம். எங்கப்பா அதத்தான் கதவு நெலையா வச்சுக் கட்டுனாரு. வெளிய நின்னு பாத்தா கண்ணுக்குத் தெரியாது, மேல சீமெந்து பூசி மஞ்சள் அடிச்சிருக்கு. அதையும் எழுதிக்கோங்க. பூசச் சொன்னது நான்தான்."